கடற்கரையில் நாணயம் தேட முதல் மெட்டல் டிடெக்டர்: எதை எடுக்கலாம்?

சிப்பிப்பொறுக்கி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே வாசிப்பதோடு சரி, இன்றுதான் முதல் பதிவு. காலையில் கடற்கரையில் நடக்கும்போது காலில் இடறிய நாணயங்களைப் பொறுக்கிப் பொறுக்கி ஆசை வந்துவிட்டது. இனி கருவியோடு இறங்கலாம் என்று இருக்கிறேன். தேடுவது நாணயம்தான். மோதிரம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று கருவிகள் மனதில் உள்ளன. ஒன்று, நண்பர் பரணில் போட்டு வைத்திருக்கும் பழைய காரெட் ஏஸ் 250. இரண்டு, நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ். முழுக்கத் தண்ணீர் புகாதது என்பதால் அதன் மேல் ஒரு கண். மூன்று, மைன்லேப் வான்குவிஷ் 440. அதில் மல்டி ஃப்ரீக்வென்சி உண்டாம், ஆனால் திரையும் மின்சுற்றும் உள்ள பெட்டி தண்ணீரில் நனையக் கூடாதாம். எது அதிக ஆழம் போகும்? முதல் கருவிதான், தப்பாக வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது.

கடற்காகம்

தம்பி, ஆழத்தை அப்புறம் பேசலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: தேடப்போவது காய்ந்த மணலிலா, அலை வந்து போகும் ஈர மணலிலா? முக்கால்வாசி முடிவு இந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

நீங்கள் சொன்ன ஏஸ் 250 ஒற்றை அதிர்வெண் கருவி, 6.5 கிலோஹெர்ட்ஸ். சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸும் ஒற்றைதான், 12 கிலோஹெர்ட்ஸ். காய்ந்த மணலில் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். ஜனம் துண்டு விரித்து உட்காரும் இடம், பந்து விளையாடும் இடம், படிக்கட்டு முடிந்து மணல் தொடங்கும் இடம், இங்கெல்லாம் தேட இவையே தாராளம்.

என் முதல் கருவியும் ஒற்றை அதிர்வெண்தான். முதல் வாரம் மேல் மணலில் நன்றாகவே போனது. அடுத்த வாரம் கடல் உள்வாங்கிய நேரம், பளபளவென்று ஈர மணல் விரிந்து கிடக்கிறது. ஆசையாக இறங்கினேன். காயிலை, அதாவது தண்டின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டைத் தரையில் வைத்ததுமே கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று ஒரே சத்தம். வீசினால் ஒரு ஒலி, நிறுத்தினால் இன்னொன்று. அலை வந்து காயில் மேல் ஏறினால் ஓலம். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றவர் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அது உப்பைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

அலைநீளம்

கடற்காகம் அண்ணன் சொன்ன ஓலத்துக்குக் காரணம் சொல்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் ஆள், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயில் ஒரு மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே மின்சாரம் கடத்தும் பொருள் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் புலத்தைத்தான் கருவி கேட்கிறது. கடல்நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதனால் அதுவும் மின்கடத்திதான். செம்பு மாதிரி கடத்தாது, ஆனால் நாணயம் ஒரு விரற்கடை அகலம் என்றால் ஈர மணல் காயிலுக்கு அடியில் முழுக்க விரிந்து கிடக்கிறது. அத்தனையும் சேர்ந்து ஒரு பெரிய, மந்தமான உலோகத் தகடு மாதிரி பதில் சொல்கிறது.

இதில் கரிய மணல் வேறு இருந்தால் இன்னும் சிக்கல். அதில் உள்ள மேக்னடைட் என்ற இரும்புத் தாது காந்தத் தன்மையோடு பதில் சொல்லும். உப்பு ஒரு பக்கம் இழுக்கும், கருமணல் இன்னொரு பக்கம் இழுக்கும். ஒற்றை அதிர்வெண் கருவியில் கிரவுண்ட் பேலன்ஸ் (தரையின் பதிலை அடக்கும் அமைப்பு) ஒன்றை மட்டும்தான் சரிக்கட்ட முடியும். இரண்டும் கலந்த இடத்தில் அது முழிக்கும்.

ஒரே சமயத்தில் பல அதிர்வெண் அனுப்பும் கருவி என்ன செய்கிறது? உப்பின் பதில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி மாறும். கருவி அவற்றை ஒப்பிட்டு, உப்பின் பங்கையும் மண்ணின் பங்கையும் கழித்துவிடும். மீதி இருப்பது பெரும்பாலும் உலோகம்.

'பெரும்பாலும்' என்று வேண்டுமென்றே போட்டேன். கழிக்கும்போது உப்பின் பதிலை ஒத்த மெல்லிய தங்கச் சங்கிலி, சின்னத் தோடு இவையும் கொஞ்சம் சேர்ந்து கழிந்துவிடும். நாணயம் தேடுபவருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

ஆணிவேட்டை

கடல் என்றாலே பல்ஸ் இண்டக்‌ஷன்தான் என்று சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா? காரெட் சீ ஹண்டர் மாதிரி கருவிகள் உப்பையும் கருமணலையும் கண்டுகொள்வதே இல்லை. ஒரு துடிப்பை அனுப்பும், நிறுத்தும், கொஞ்சம் பொறுத்துக் கேட்கும். அதற்குள் உப்பின் பதில் அடங்கிவிடும், நாணயத்தின் பதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஈர மணலில் நிம்மதியாக நடக்கலாம்.

கடற்காகம்

உங்கள் பெயரே பதில் சொல்கிறதே ஐயா. அந்த நிம்மதிக்கு எத்தனை ஆணி தோண்டினீர்கள் என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள்.

ஆணிவேட்டை

சரி, சரி, ஒப்புக்கொள்கிறேன். இரும்பைப் பிரித்துக் காட்டுவதில் பல்ஸ் கருவியை நம்ப முடியாது. தலைமுடி ஊசி, துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி, எல்லாமே 'வா வா' என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் முழங்கால் ஆழம் தோண்டினேன், வந்தது கூடாரம் கட்டும் இரும்பு முளை. குப்பை குறைந்த கடற்கரை, எல்லாவற்றையும் தோண்டும் பொறுமை, இரண்டும் இருப்பவருக்குத்தான் இது. முதல் கருவியாக நானும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதாக வாங்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

சும்மாவந்தேன்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பரணில் ஏஸ் 250 சும்மா கிடக்கிறது என்கிறார். எதற்கு உடனே புதிது? ஒரு மாதம் அதை எடுத்துக்கொண்டு காய்ந்த மணலில் சுற்றட்டும். இந்த வேலை பிடிக்கிறதா என்பதே அப்போதுதான் தெரியும். பாதிப் பேர் மூன்றாவது நாளே முதுகு வலி என்று கருவியை மூலையில் வைத்துவிடுகிறார்கள். நான் உட்பட.

கடற்காகம்

இதை நான் மறுக்க மாட்டேன். ஓசியில் கிடைக்கும் கருவியில் ஒரு மாதம் பழகுவது வேறு, காசு கொடுத்து ஒற்றை அதிர்வெண் கருவி வாங்கிவிட்டு ஈர மணலில் நின்று முழிப்பது வேறு. நான் வேண்டாம் என்பது இரண்டாவதை.

சிப்பிப்பொறுக்கி

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஈர மணலில்தான் தேடுவேன் என்று நினைக்கிறேன், எங்கள் பக்கம் கடல் நன்றாக உள்வாங்கும். இரண்டு சந்தேகம். சில கருவிகளில் 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் என்று நாலைந்து போட்டிருக்கிறார்களே, அதுவும் மல்டிதானே? அப்புறம், ஆழம் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. விளம்பரத்தில் மூன்று அடி, நாலு அடி என்கிறார்கள்.

அலைநீளம்

முதல் சந்தேகம் முக்கியமானது, பலர் ஏமாறும் இடமே இதுதான். நீங்கள் சொன்ன நாலு எண்ணும் மைன்லேப் எக்ஸ்-டெர்ரா புரோவில் உள்ளவை. அதில் நாலில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். நல்ல கருவிதான், ஆனால் உப்பைக் கழிக்கும் வித்தை நடக்க வேண்டுமென்றால் ஒரே சமயத்தில் பல அதிர்வெண் ஓட வேண்டும். நாலு சட்டை பீரோவில் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே போடுகிறோம்!

ஒரே சமயத்தில் ஓடுபவை என்றால், நீங்கள் சொன்ன வான்குவிஷ் வரிசை (2019), அதே நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் (2018), காரெட் ஏஸ் அபெக்ஸ் (2020), எக்ஸ்பி டியஸ் 2 (2021), நோக்டா லெஜெண்ட் (2022). பெட்டியின் மேல் மல்டி என்ற சொல் இருந்தால் போதாது. ஒரே சமயத்தில் ஓடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஆழம். நாணயம் மாதிரி சின்னப் பொருளுக்குப் புலம் போகும்போது தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும், திரும்பி வரும்போது மறுபடி மூன்றாம் அடுக்கில் குறையும். மொத்தம் ஆறாம் அடுக்கு. அதாவது ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-ல் ஒரு பங்கு. திருப்பிப் பாருங்கள்: கருவி அனுப்பும் புலத்தின் வலிமையை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் சுமார் 12 சதவீதம்தான் கூடும். ஒரு சாண் ஆழத்தில் நாணயத்தைப் பிடிக்கும் கருவி இரு மடங்கு வலிமையில் இன்னும் ஒரு விரல் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். விளம்பரத்தில் வரும் மூன்று அடி எல்லாம் பானை, குடம் அளவுப் பொருளுக்கு.

அதனால் ஆழத்துக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஈர மணலில் சத்தம் போடாத கருவிக்குக் கொடுங்கள். கத்தும் கருவியில் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) பாதியாகக் குறைத்தால்தான் காது பிழைக்கும், அப்போது காகிதத்தில் இருந்த ஆழமும் போய்விடும்.

உப்புக்காற்று

ஆண்கள் எல்லோரும் கருவியையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தோண்டுவது யார், கையாலா?

தம்பி, கருவிக்கு அடுத்த செலவு மணலை அள்ளிச் சலிக்கும் ஸ்கூப். ஓட்டை போட்ட துருப்பிடிக்காத எஃகு, நீளமான கைப்பிடி. ஈர மணலில் பிளாஸ்டிக் கை ஸ்கூப் இரண்டே வாரத்தில் விரிசல் விடும். குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி பக்கச் சுவர் சரியும், நாணயம் வழுக்கிக் கீழே போகும். பெரிய ஸ்கூப்பால் ஒரே வாரலில் முழுசாக அள்ளினால்தான் உண்டு. ஓட்டையின் அளவைப் பாருங்கள்: மணல் இறங்க வேண்டும், உங்களிடம் உள்ள மிகச் சின்ன நாணயம் இறங்கக் கூடாது. கடைக்குப் போகும்போது அந்த நாணயத்தைப் பையில் எடுத்துப் போங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம் தண்ணீர். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற ஒரு சொல்லில் மூன்று விஷயம் இருக்கிறது. காயில் மட்டும் நனையலாம் என்பது ஒன்று, வான்குவிஷ் அப்படி, ஒரு மீட்டர் வரை. பெட்டியோடு மூன்று மீட்டர் போகலாம் என்பது இன்னொன்று, சிம்ப்ளெக்ஸ் பிளஸ், ஈக்வினாக்ஸ் 600, லெஜெண்ட் எல்லாம் அந்த வகை. மூழ்காளர்களுக்கான கருவி மூன்றாவது, எக்ஸ்காலிபர் 2 அறுபது மீட்டர் வரை என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு மூன்றாவது தேவையே இல்லை.

நான் இழந்த கருவி முதல் வகை. கணுக்கால் தண்ணீரில்தான் நின்றேன். ஸ்கூப்பில் வந்ததைப் பார்க்கக் குனிந்தபோது கருவியை மணலில் படுக்க வைத்தேன். அந்த ஒரு அலை போதும். திரை ஒரு நிமிடம் மினுக்கியது, அப்புறம் அணைந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் மின்சுற்றுப் பலகையில் பச்சை பூத்திருந்தது. குற்றம் கருவியின் மேல் இல்லை, என் மேல். அதனால் சொல்கிறேன், அலைக்குப் பக்கத்தில் ஒரு அடி எடுத்து வைப்பதாக இருந்தாலும் பெட்டியும் நனையத் தாங்கும் கருவியாக வாங்குங்கள்.

தினமும் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தண்டின் இணைப்புகளைக் கழற்றி உள்ளே இருக்கும் மணலையும் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு மாதத்தில் தண்டு கழலவே கழலாது. காயில் மூடிக்குள் சேரும் மணலையும் எடுத்துவிடுங்கள். ஈரமும் கருமணலும் அங்கே தங்கினால் பொய்ச் சிக்னல் வரும்.

சிப்பிப்பொறுக்கி

அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் சிம்ப்ளெக்ஸ் தண்ணீர் தாங்கும் ஆனால் உப்புக்குத் தடுமாறும், வான்குவிஷ் உப்பைத் தாங்கும் ஆனால் தண்ணீரைத் தாங்காது. இரண்டும் வேண்டுமென்றால் லெஜெண்டோ ஈக்வினாக்ஸோ, இல்லையா? பட்ஜெட்டைக் கொஞ்சம் இழுக்க வேண்டும்.

ப்ளூடூத் ஹெட்போன் கூட வருகிறதே, அது தண்ணீரில் ஆகுமா?

உப்புக்காற்று

கணக்கு சரி. ஹெட்போன் மணலில் இருக்கும்வரை ஜோர். கருவியின் பெட்டி தண்ணீருக்குள் போனால் ரேடியோ அலை தண்ணீரைக் கடக்காது, சத்தம் நின்றுவிடும். முட்டளவு தண்ணீரில் பெட்டி மேலேதானே இருக்கும், பிரச்சினை இல்லை. ஆனால் ஹெட்போன் கட்டாயம் போடுங்கள். காற்றும் அலையும் இரைகிற இடத்தில் ஸ்பீக்கரில் மெல்லிய சிக்னல் கேட்கவே கேட்காது, ஆழத்தில் இருக்கும் நாணயம் கொடுப்பதோ அந்த மெல்லிய சிக்னல்தான்.

கடற்காகம்

இன்னொன்றும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாணயம் தேடுகிறேன் என்கிறீர்கள், எந்த நாணயம்?

சிரிக்காதீர்கள். இப்போது பல நாடுகளில் சில்லறை எஃகில் அடித்து மேலே செம்போ நிக்கலோ பூசியது. யூரோவின் 1, 2, 5 சென்ட் அப்படி. பிரிட்டனில் 1992 முதல் 1, 2 பென்ஸ் அப்படி. கருவிக்கு அது நாணயம் இல்லை, இரும்பு. புதிதாக வருபவர் முதலில் என்ன செய்வார்? இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைப் போட்டுவிட்டு நடப்பார். காலடியில் சில்லறை கிடக்கும், காதில் அமைதி இருக்கும்.

அதனால் வீட்டில் உள்ள எல்லா வகை நாணயத்தையும் எடுத்து ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டுவது தனி, ஒட்டாதது தனி. கருவி வந்ததும் ஒவ்வொன்றையும் மணலில் புதைத்து, உலோகத்துக்கு ஏற்றபடி திரையில் வரும் எண்ணை அட்டையில் எழுதுங்கள். காற்றில் காட்டிப் பார்க்கும் எண்ணை நம்பாதீர்கள், ஈர மணலில் அது நகரும். அமெரிக்க 5 சென்ட் (75 செம்பு, 25 நிக்கல்) வரும் எண்ணுக்குப் பக்கத்திலேயே டின் திறக்கும் அலுமினிய வளையமும் வரும், தங்க மோதிரமும் வரும். வளையம் வேண்டாம் என்று அந்த எண்ணை ஒதுக்கினால் மோதிரமும் போச்சு. கடற்கரையில் மணல் தோண்டுவது சுலபம், அதனால் நான் பெரிய இரும்பைத் தவிர எதையும் ஒதுக்குவதில்லை.

சும்மாவந்தேன்

அந்தச் சோதனையைக் கட்டில் மேல் வைத்துச் செய்யாதீர்கள், வரலாறு இருக்கிறது. 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். கருவி வேலை செய்தது, ஆனால் படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பிவிட்டன, குண்டு அகப்படவில்லை. டெலிஃபோன் கண்டுபிடித்தவருக்கே அந்தக் கதி. இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு அடிக்கும் புதையல் என்று குதித்த ஒருவரை நான் அறிவேன். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

சிப்பிப்பொறுக்கி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நண்பரின் ஏஸ் 250-ஐ மூன்று வாரம் வைத்திருந்தேன், முதுகு பிழைத்தது. பிறகு லெஜெண்ட் எடுத்தேன். ஸ்கூப்புக்கும் அக்கா சொன்னபடி நாணயத்தோடு போனேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன்: காய்ந்த மணலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஈர மணலில்தான் தெரிந்தது. ஏஸ் ஓலமிட்ட அதே இடத்தில் கடற்கரை மோடில் போட்டால் கருவி மௌனமாக வருகிறது. ஆனால் முதல் நாள் அலை ஏறும் இடத்தில் இதுவும் கத்தியது. சென்சிட்டிவிட்டி உச்சத்தில் இருந்தது, நாலு படி இறக்கினேன், அடங்கிவிட்டது. இது சரிதானா?

இரண்டாவது சிக்கல்: நாலு மணி நேரத்தில் மொத்தம் மூன்றே நாணயம். பக்கத்தில் வந்த பெரியவர் ஒருவர் என் பாதி தூரம்தான் நடந்தார், என் கண் முன்னே பத்துப் பதினைந்து எடுத்தார்.

கடற்காகம்

இறக்கியது சரி. அமைதியான கருவி ஆழமான கருவி.

பெரியவர் எங்கே நடந்தார், எப்படி வீசினார் என்று கவனித்தீர்களா?

சிப்பிப்பொறுக்கி

கரைக்கு இணையாக ஒரு பட்டையில்தான் போய் வந்துகொண்டிருந்தார். நான் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைந்தேன். அவர் காயில் மணலை உரசிக்கொண்டே போனது. என்னுடையது வீச்சின் கடைசியில் ஊஞ்சல் மாதிரி மேலே போகிறது, இப்போதுதான் உறைக்கிறது.

கடற்காகம்

பாதி விடை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அலைநீளம் சொன்ன ஆறாம் அடுக்கை நினையுங்கள், வீச்சின் ஓரத்தில் காயில் நாலு விரல் உயர்ந்தால் அத்தனை ஆழமும் காற்றில் போயிற்று. ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மிதித்துப் போகட்டும்.

மீதிப் பாதி அந்தப் பட்டை. அலை எடையைப் பார்த்துப் பிரித்துப் போடும். ஈயக்குண்டு, கூழாங்கல், நாணயம் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கும். மீன்பிடிக்கும் ஈயக்குண்டு இரண்டு அடுத்தடுத்து வந்தால் நான் அங்கேயே கரைக்கு இணையாகக் கோடு போட்டு நடப்பேன். வெறும் மெல்லிய புது மணலாக இருந்தால் அடுத்த இடம். பெரும் காற்றடித்து அலை மேல் மணலை வாரிக்கொண்டு போன மறுநாள் கரையில் படி வெட்டிய மாதிரி ஒரு வெட்டு தெரியும். அதன் அடிவாரத்தில் தேடுங்கள், பழையது வெளியே வந்திருக்கும்.

ஒன்று மறக்க வேண்டாம், உங்கள் நாட்டில் எந்தக் கரையில் தேட அனுமதி உண்டு, பழம்பொருள் கிடைத்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு நகருங்கள், இருட்டில் ஓடும் குழந்தையின் கால் அதில் இறங்கும்.

சிப்பிப்பொறுக்கி

நேற்று ஈயக்குண்டு வந்தது, இரண்டாவதும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் 19 நாணயம். பதினைந்து சாதாரணம். நாலு மட்டும் மணலும் துருவும் சேர்ந்து எலுமிச்சங்காய் அளவு கட்டியாக இருக்கின்றன. திரையில் இரும்பு என்றுதான் காட்டியது, அண்ணன் சொன்னதால் தோண்டினேன். உடைக்கலாமா?

உப்புக்காற்று

எஃகுச் சில்லறை துருப்பிடித்துச் சுற்றி உள்ள மணலைக் கட்டிக்கொள்வது அப்படித்தான். சுத்தியலை எடுக்காதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள், ஒரு வாரம் கழித்து மரக்குச்சியால் நெம்பிப் பாருங்கள். உள்ளே எஃகு என்றால் பெரும்பாலும் முகம் தேறாது. ஆனால் கட்டிக்குள் வேறு ஏதாவதும் சேர்ந்து ஒட்டியிருக்கலாம், அதனால்தான் சுத்தியல் வேண்டாம் என்கிறேன்.

சிப்பிப்பொறுக்கி

மூன்று கட்டியில் எஃகுச் சில்லறை, முகம் தேறவில்லை. நாலாவதில் இரண்டு நாணயம் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளி மெட்டி, கறுத்துப் போய். என் மனைவி இப்போது ஸ்கூப்பின் கைப்பிடி தனக்கு நீளமா என்று அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.